உறையாத துறைமுகம்

உலகப் படத்தை விரித்து, ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் மர்மான்ஸ்க் என்னும் துறைமுகத்தைத் தேடுங்கள். ஏறத்தாழ 69 பாகை வட அட்சரேகையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே அது இருக்கிறது. குளிர்காலத்தில் பல வாரங்கள் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் கப்பல்கள் வந்து போகின்றன. தெற்கே, 60 பாகையில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் துறைமுகத்திலோ குளிர்காலத்தில் பனிக்கட்டியை உடைத்து வழி செய்யும் கப்பல்கள் தேவைப்படுகின்றன. வடக்கே போகப் போகக் குளிர் மிகும் என்றல்லவா படித்திருக்கிறோம்? இந்த விந்தைக்குக் காரணம் யாது?

கடல் சுமந்துவரும் வெப்பமே காரணம். வெப்ப மண்டலத்தில் சூடேறிய நீர், வளைகுடா நீரோட்டமாக அமெரிக்கக் கரையோரம் வடக்கே பாய்கிறது. பின்னர் வட அட்லாண்டிக் நீரோட்டமாக ஐரோப்பாவை நோக்கித் திரும்புகிறது. நார்வேயின் வட முனையை நெருங்கும்போது அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கிழக்கே பாரன்ட்ஸ் கடலுக்குள் நுழைகிறது. மர்மான்ஸ்க்கை உறையாமல் காப்பது இதுவே. மற்றொரு கிளை ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையோரமாக ஆர்க்டிக் பெருங்கடலை அடைகிறது.

இவ்வளவு தூரம் வந்தும் வெப்பம் தீர்ந்துவிடவில்லையா? நீரின் வெப்ப ஏற்புத்திறன் மிக அதிகம். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி குளிரும்போது வெளிவிடும் வெப்பம், 3,000 லிட்டருக்கும் அதிகமான காற்றை ஒரு டிகிரி சூடாக்கப் போதுமானது!

இரண்டாம் கிளை என்னவாகிறது? 1893இல் நார்வே நாட்டு அறிஞர் நான்சென், 'ஃபிராம்' என்னும் கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டியில் சிக்கவைத்தார். 1896 வரை அது பனியோடு மிதந்து சென்றது. வழியில் கடலின் ஆழத்தை அளந்தபோது, சுமார் 200 மீட்டருக்குக் கீழே 0 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பநிலையில் நீர் இருப்பது தெரிந்தது. மேலே உள்ள நீரோ உறையும் நிலையில் இருந்தது!

வெப்பமான நீர் மேலேதானே வரவேண்டும்? இதை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதியளவு வெதுவெதுப்பான நீரை எடுத்து, நான்கு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சிறிது மை கலந்துகொள்ளுங்கள். அதன்மேல் குளிர்ந்த நல்ல தண்ணீரைக் கரண்டி வழியே மெல்ல ஊற்றுங்கள். குளிர்ந்த நீர் மேலேயே நிற்கும்! உப்பு மிகுந்த நீரின் அடர்த்தி அதிகம் என்பதே காரணம். அட்லாண்டிக் நீர் உவர்ப்பு மிக்கது. ஓப், எனிசெய், லேனா போன்ற சைபீரிய ஆறுகள் கலப்பதால் ஆர்க்டிக்கின் மேல்நீரில் உவர்ப்புக் குறைவு. இந்த மேலடுக்கு ஒரு போர்வை போல, கீழுள்ள வெப்பம் பனிக்கட்டியைத் தாக்காமல் தடுக்கிறது.

அந்தப் போர்வை இப்போது சில இடங்களில் நலிந்து வருகிறது. யூரேசியக் கரைக்கு வடக்கே ஆழ்நீரின் வெப்பம் குளிர்காலத்தில் மேலேறி, பனிக்கட்டி தடிப்பதைக் குறைப்பதாக 2017இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காற்று சூடாவதால் மேலிருந்து உருகும் பனிக்கட்டிக்கு இனி கீழிருந்தும் ஆபத்து. ஒரு துறைமுகத்துக்கு வாழ்வளிக்கும் அதே வெப்பம், இடம் மாறினால் ஒரு கடலின் முகத்தையே மாற்றிவிடும் அல்லவா?