மங்கிப்போன காருக்கு மறுபடியும் பளபளப்பு! பெயிண்ட் அடிக்கும் முன் துணியால் தேய்த்துப் பாருங்கள்

சென்னை:

அப்பா வாங்கிய அம்பாசடர், வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஒரு காலத்தில் பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். இன்று கையை வைத்தால் சுண்ணாம்புத் தூள் போல ஒட்டுகிறது!

15 வருடம் முடிந்த காரை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்குப் போனால், "புல் பெயிண்டிங் அடிச்சிடலாம் சார்" என்பார்கள். மாதச் சம்பளக்காரர் பணத்துக்கு எங்கே போவார்?

அவசரப்படாதீர்கள். மங்கிய பெயிண்ட் எல்லாம் செத்த பெயிண்ட் அல்ல!

வெயிலின் வேலை

வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு, பெயிண்டின் மேல்தோல் மட்டும் பொடியாகிறது. வானெட்டும் டாப்பும் முதலில் வெளுப்பது இதனால்தான். அடியில் நல்ல நிறம் அப்படியே இருக்கும்.

துணி சொல்லும் ஜாதகம்

காரை நன்றாகக் கழுவுங்கள். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து, மறைவான ஓரிடத்தில் தேயுங்கள். வெள்ளைக் கார் என்றால் கறுப்புத் துணி.

காரின் நிறம் துணியில் இறங்கினால் கவலை இல்லை. அது மேலே கிளியர் அடிக்காத பழைய முறைப் பெயிண்ட். தேய்த்தால் உயிர் வரும்.

நிறம் இறங்காவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. லேசான மங்கலுக்குப் பாலிஷ் போதும். கிளியர் தோல் உரிந்த மாதிரி பெயர்ந்திருந்தாலோ, பெயிண்டுக்கு அடியில் துரு கொப்பளித்திருந்தாலோ பாலிஷ் உதவாது. அங்கே பட்டறைக்காரர் சொல்வதே சரி.

தேய்க்கும் முறை

வண்டி நிழலில் நிற்கட்டும். தகடு சுட்டால் காம்பவுண்டு காய்ந்து கோடு விழும். ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்று பகுதி பகுதியாகச் செய்யுங்கள். மெல்லிய காம்பவுண்டை பனியன் துணியில் எடுத்து லேசாகத் தேய்க்கவும். துடைத்துவிட்டு பாலிஷ், கடைசியில் வாக்ஸ்.

வாக்ஸ் இருக்கும்வரை தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். தட்டையாகப் பரவினால் மறுபடி போட வேண்டிய நேரம்.

உஷார்!

காம்பவுண்டு என்பது பெயிண்டைச் சுரண்டும் சரக்கு. மாதாமாதம் தேய்த்தால் பிரைமர் பல்லிளிக்கும். பானெட் விளிம்பிலும் கதவு முனையிலும் பெயிண்ட் மெல்லிசு. அங்கே டேப் ஒட்டிக்கொண்டு தேயுங்கள்.

வேறு நிறம் அடிக்கும் ஆசை இருந்தால், ஆர்.சி.யில் நிறமும் எழுதியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி மாற்ற வேண்டும்.

அம்பாசடர் தயாரிப்பு 2014ல் நின்றுவிட்டது. கம்பெனியில் அடித்த பெயிண்ட் ஒருமுறை போனால் போனதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கை வலித்தாலும் பரவாயில்லை. அப்பா ஓட்டிய அதே நிறத்தில் வண்டி வாசலில் நிற்குமே!