மானியத்தின் நிழலில் உயிர் உரம்

புதுதில்லி: உர மானியத்துக்காக 2022-23-ம் நிதியாண்டில் மத்திய அரசு செலவிட்ட தொகை 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி யூரியாவுக்கே சென்றது. தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துத் தரும் மண் பாக்டீரியாக்களோ, திட்ட அறிக்கைகளில் பெற்ற இடத்தை வயல்களில் இன்னும் பெறவில்லை.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் எந்தப் பயிராலும் அதை நேரடியாக உட்கொள்ள இயலாது. துவரை, கொண்டைக்கடலை, சோயா போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகின்றன. பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. முடிச்சைக் கிள்ளினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பாக்டீரியா வேலை செய்வதன் அடையாளம் அது. மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருவது பாஸ்போபாக்டீரியா.

உயிர் உரங்களைப் பரப்புவதற்கான தேசியத் திட்டம் 1983-ல் தொடங்கியது. தரத்தை உறுதிசெய்ய, 2006-ல் நான்கு வகை உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி பாக்டீரியாக்கள் உயிருடன் இருக்க வேண்டும் என்பது விதி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். யூரியாவைப் போல் இது ஜடப்பொருள் அன்று. வடமாநிலக் கோடையில் தகரக் கூரைக் கிடங்கில் கிடந்தால் பொட்டலத்துக்குள்ளேயே மடிந்துவிடும். பூஞ்சாணக்கொல்லியுடன் ஒன்றாகக் கலந்து விதை நேர்த்தி செய்தாலும் அதே கதிதான். பலன் காணாத விவசாயி மறுமுறை வாங்க மாட்டார்.

விலையும் எதிராகவே நிற்கிறது. 45 கிலோ யூரியா மூட்டைக்கு 2018-ல் நிர்ணயிக்கப்பட்ட விலை, வரியும் வேம்புப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். மலிவாகக் கிடைப்பதால் கூடுதலாக இடப்படும் யூரியா, பயறுவகைப் பயிர்களில் வேர் முடிச்சு உருவாவதையே தடுக்கிறது. ஒரு கையால் உயிர் உரத்தை ஊக்குவிக்கும் அரசு, மறு கையால் அதன் வேலையைப் பறிக்கிறது.

ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு, மிச்சமாகும் மானியத்தில் 50 சதவீதத்தை வழங்கும் 'பிரதமர் பிரணாம்' திட்டத்துக்கு 2023 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025-26 வரை மூன்றாண்டுகளுக்கென வகுக்கப்பட்ட அத்திட்டத்தின் பரிசு மாநில அரசுகளுக்கே உரியது. யூரியாவைக் குறைத்துப் பார்க்கத் துணியும் விவசாயிக்கோ, விளைச்சல் சரிந்தால் ஈடு எதுவும் அதில் இல்லை. குளிர்ந்த கிடங்கும் உயிருள்ள பொட்டலமும் கிராமத்தை எட்டாதவரை, அவர் கை யூரியா மூட்டையை நோக்கியே நீளும்.