காசில்லாத படத்தில் ஒரு ராஜா

திருவனந்தபுரத்தில் ராஜா படம் என்று பேச்செடுத்தால், அது மார்த்தாண்ட வர்மாவிடம் வந்து நிற்காமல் போகாது. 1729 முதல் 1758 வரை ஆண்டவர். வேணாடு என்ற சின்ன நாட்டைத் திருவிதாங்கூர் என்ற பெரிய நாடாக ஆக்கியவர். அவருடைய இளமைக் காலத்தை வைத்து 1933-இல் ஒரு மௌனப் படம் வெளிவந்தது. டீ ஆறுவதற்குள், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைப் பொறுமையாகப் பார்ப்போம். குறைந்த செலவில் எடுத்த வீர மன்னர் படத்தில் எதை நாம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் படம் எப்படி வந்தது என்று பார்ப்போம். தயாரித்தவர் ஆர். சுந்தர்ராஜ், இயக்கியவர் பி. வி. ராவ். சுந்தர்ராஜ், மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே. சி. டேனியலின் உறவினர். அந்த டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர், களரிப் பயிற்சியில் பித்துக் கொண்டவர். நிலத்தை விற்றுப் படம் எடுத்து எல்லாவற்றையும் இழந்தார். அந்த அனுபவத்தைக் கண்முன்னே பார்த்த பிறகும் அதே குடும்ப வட்டத்திலிருந்து இன்னொருவர், அதுவும் ஒரு ராஜா கதையோடு இறங்கினார் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

படத்தின் கதை சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல். 1891-இல் அச்சானது, மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். வெளியீட்டு உரிமை கமலாலயம் புத்தகக் கடையிடம் இருந்தது. படம் கேப்பிட்டல் தியேட்டரில் திரைக்கு வந்ததுமே, அனுமதி வாங்கவில்லை என்று வழக்கு. படச்சுருள் பறிமுதலாகிக் கமலாலயத்தின் கிடங்கில் கிடந்தது. 1974-இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறது. தென்னிந்திய மௌனப் படங்களில் தப்பிப் பிழைத்தவை மிகச் சில.

இப்போது நம் எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். கிரீடமும் தங்கக் கவசமும் மின்னினால் அது கட்டுக்கதை, புழுதியும் சாயம்போன வேட்டியும் தெரிந்தால் அது உள்ளபடியான சரித்திரம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கையில் காசில்லாத இயக்குநருக்கு இந்த எண்ணம் பெரிய உதவி. அவரால் மண்டபம் கட்ட முடியாது. இருக்கிற தோப்பிலும் ஆற்றங்கரையிலும் கேமராவை வைக்கிறார். நாம் அதைப் பார்த்து, ‘எவ்வளவு இயல்பாக இருக்கிறது!’ என்று நம்பிவிடுகிறோம்.

இதில் பாதி சரி. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மார்த்தாண்ட வர்மா ஆண்ட இடம் அதுதான். வெள்ளைக் குதிரை நுழையும் தர்பார் மண்டபம் அங்கே கிடையாது. தேக்கும் பலாவும் இழைத்த தாழ்ந்த கூரை, குனிந்து நுழையும் வாசல், கண்ணாடிபோல மினுங்கும் கறுப்புத் தரை. மந்திராலோசனை நடந்த அறையில் பெருங்கூட்டம் நிற்க இடமில்லை. வெயிலும் ஈரமும் நிறைந்த அந்த நாட்டில் கனத்த இரும்புக் கவசம் அணிந்து திரிவதும் கடினம். ஆகவே பெரும் செலவில் கட்டும் பளிங்குத் தூண்களைவிட, செலவே இல்லாத ஒரு மரவீட்டு முற்றம் அந்தக் காலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

மற்றப் பாதியில்தான் நாம் தவறுகிறோம். பாட்டியின் வெண்கல உருளியில் இன்று பாயசம் வைக்கிறோம். உருளி நூறு வருஷத்துப் பழசு என்பதால் பாயசமும் பழசாகிவிடாது. இடம், உடை, வாள் எல்லாம் உருளி. நடந்ததாகச் சொல்லும் சம்பவம் பாயசம். இந்தப் படத்தில் சம்பவத்தைச் சமைத்தவர் சி.வி. அதுவும் காரியம் நடந்து நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் கழித்து. இளவரசருக்காக உயிரைப் பணயம் வைக்கும் சுபத்ரா அவர் கற்பனையில் பிறந்தவள். கதையில் வரும் பட்டாணியர் கூடாரக் காட்சிகளும் அப்படியே.

படத்துக்குள்ளேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அன்றைய மகாராஜா சித்திரைத் திருநாளின் ஊர்வலத்தை நிஜமாகப் படம்பிடித்து அதில் சேர்த்திருக்கிறார்கள். யானை நிஜம், ராஜா நிஜம், கூட்டம் நிஜம். படம் முழுவதிலும் இதைவிட உண்மையான துண்டு இருக்க முடியாது. ஆனால் அது காட்டுவது 1930-களை. கதை நடக்கும் காலத்துக்கும் அதற்கும் இடையே இருநூறு வருஷம்.

இங்கிலாந்திலும் இதே சங்கதி உண்டு. ஆர்தர் ராஜா கதையை வைத்து 1972-இல் ‘ஆர்தர் ஆஃப் த பிரிட்டன்ஸ்’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. மந்திரவாதி மெர்லினைத் தூக்கிவிட்டார்கள். பளபளக்கும் கவசமும் இல்லை. கூரைக் குடிசை, தோலாடை, சேறு. பார்ப்பவருக்கு ஆர்தர் அடுத்த ஊர்க்காரர் மாதிரி தோன்றுவார். ஆனால் அப்படியொரு ராஜா இருந்தாரா என்பதிலேயே அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை.

மரபுக்கதை என்றால் பொய் என்று தள்ளிவிடலாமா? வேண்டாம். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் பட்டுப்போன ஒரு பலா மரத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகள் துரத்தியபோது இளவரசர் அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது ஐதீகம். பொந்துக்குள் அவர் இருந்தாரா என்று நாம் நிரூபிக்க முடியாது. ஆனால் பட்டத்துக்கு வர வேண்டியவர் சொந்த மண்ணில் ஒளிந்து திரிய நேர்ந்தது என்ற நினைவை அந்த மரம் பிடித்து வைத்திருக்கிறது. குளச்சலில் 1741-இல் டச்சுக்காரர்களை வென்றதும் அப்படித்தான். வெற்றி சரித்திரம்; தோற்ற டச்சுத் தளபதி டிலனாய் பிறகு இதே மன்னரின் படையில் சேர்ந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். கரையோரம் மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று துப்பாக்கிப் படை போலத் தோற்றம் காட்டினார்கள் என்பது மக்கள் சொல்லும் கதை. காசில்லாத படக்காரர்கள் செய்கிற வேலையைத்தான் அந்தக் கதை மீனவர்களுக்குக் கொடுத்திருக்கிறது!

ஆகவே இப்படிப்பட்ட படத்தைப் பார்க்கும்போது, உடை சரியா என்று கேட்டதோடு நின்றுவிடாமல், யார் சொல்லும் கதை இது என்றும் கேட்டுப் பார்ப்போம். மார்த்தாண்ட வர்மாவுக்கு முன் ஆண்டவர் அவருடைய மாமா ராம வர்மா. மருமக்கள் தாயத்தில் பட்டம் சகோதரியின் மகனுக்குப் போகும்; பெற்ற பிள்ளைக்கு இல்லை. ராம வர்மாவின் பிள்ளைகளான தம்பிமார் அதை எதிர்த்து, எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களோடு சேர்ந்தார்கள். நாவலிலும் படத்திலும் அவர்கள் வில்லன்கள். நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டாகப் பாடுகிற ‘தம்பிமார் கதை’யில் அவர்கள்தான் நாயகர்கள்; மார்த்தாண்ட வர்மாதான் அவர்களைக் கொன்றவர். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து ஊர்களிலேயே, தமிழில், குடத்தைத் தட்டித் தட்டி அந்தக் கதையைப் பாடியிருக்கிறார்கள்.