உப்புக்கு ஒரு பெயர்: வீட்டுக் கம்ப்யூட்டரில் லேபிள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும்போது மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். மூட்டையாக லாரி ஏறும் உப்பு, பாக்கெட்டுக்குள் போனபின் ஊர்ப் பெயரை இழந்து விடுகிறது. ஊர்ப் பெயரிலேயே பிராண்ட் உருவாக்க முடியுமா? விஷுவல் கம்யூனிகேஷன் மாணவனான நான் இதையே ப்ராஜெக்ட்டாக எடுத்துக் கொண்டேன்.

முதலில் போட்டோ. வெள்ளை உப்புக் குவியலைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று கருதி, கேமரா தானாகக் குறைத்துக் கொள்ளும். உப்பு சாம்பல் நிறமாகும். எக்ஸ்போஷரை +1 வையுங்கள்.

லேபிளுக்கு இங்க்ஸ்கேப். 2003 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள். யூனிகோட் எழுத்துருவில் தமிழை நேரடியாக டைப் செய்யலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது டி.பி.ஐ. 96 என்று இருக்கும். திரைக்கு அது போதும். அச்சுக்கு 300 ஆக்குங்கள். 10 செ.மீ. அகல லேபிளுக்கு சுமார் 1,180 பிக்சல் கிடைக்கும்.

வாசகம்தான் கடினம். "அயோடின் சேர்க்காத இயற்கை உப்பு" என்றால் கவர்ச்சிதான். ஆனால் அப்படிப்பட்ட உப்பை நேரடியாக உண்பதற்கு விற்க 2006-ல் தடை வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும் லேபிளில் வேண்டும்.

மாதிரியைப் பார்த்த உப்பளத் தொழிலாளி அக்கா ஒருவர் கேட்டார்: "பேரு போட்டா எங்க கூலி ஏறுமா தம்பி?"

லேபிள் மட்டும் கூலியை ஏற்றாது. அயோடின் கலந்து, பாக்கெட் போட்டு, அவர்களே குழுவாக விற்றால்தான் லாபம் ஊரில் நிற்கும். அதனால் லேபிளைத் திருத்தக் கூடிய எஸ்.வி.ஜி. ஃபைலாகவே சேமித்திருக்கிறேன். குழு அமைந்ததும் அந்த 14 இலக்கங்களைச் சேர்த்தால் போதும்.