தேயிலையின் பெயருக்குக் காவல்

நுவரெலியாவுக்குக் கிழக்கே மலைச்சரிவுகளிற் பரந்து கிடப்பது உடப்புசல்லாவைத் தேயிலைப் பிரதேசம். அயலிலுள்ள நுவரெலியாத் தேயிலையோடு இதனை ஒப்பிட்டுப் பேசுதல் வழக்கம். நுவரெலியாத் தேநீர் மென்மையும் பொன்னிறமும் வாய்ந்தது. உடப்புசல்லாவைத் தேநீரோ சற்றுக் கருமையும் இளஞ்சிவப்புச் சாயலும் மிகுந்த சாரமும் உடையது. தேயிலை சுவைத்துத் தரம் பிரிப்போர் ஒரு மிடற்றில் இதனை அறிவர். தூர தேசத்துக் கடையில் பொதியை விலைக்கு வாங்குபவர் அவ்வாறு சுவைத்துப் பார்த்தல் இயலாது. அவர் பெயரை நம்பியே பணம் கொடுக்கிறார். அந்தப் பெயரைப் பிறர் களவாடினால் கேட்பவர் யார்?

ஒரு கம்பனியின் வியாபாரக் குறியாயின் விடை எளிது. கம்பனியே கேட்கும். அதன் சட்டத்தரணிகள் புதிய குறிகள் வர்த்தமானியில் வெளிவருந்தோறும் கண்காணிப்பர். ஒத்த குறி காணப்படின் பதிவை எதிர்ப்பர். போலிச் சரக்கு விற்பவருக்கு எச்சரிக்கைக் கடிதம் விடுப்பர். இலங்கையில் வழக்கு வேண்டியதாயின் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குச் செல்வர். இத்தொழிலிற் பெரும்பகுதி நீதிமன்ற வாசலுக்கு வெளியிலேயே முடிந்துவிடும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

ஆனால் ‘சிலோன் தேயிலை’ எந்தக் கம்பனிக்கும் உரியதன்று. 1972இல் நாட்டின் பெயர் இலங்கை என்றே நிலைபெற்ற பின்னரும் தேயிலை தன் பழைய பெயரை விடவில்லை. உலகச் சந்தையில் அப்பெயருக்கு அத்துணை மதிப்பு. 1976இல் தொடங்கிய இலங்கைத் தேயிலைச் சபை சிங்கச் சின்னத்தைப் பல நாடுகளிற் பதிந்து காத்து வருகின்றது. பொதியிலுள்ள இலை முழுவதும் இலங்கையில் விளைந்ததாதல் வேண்டும். சபை விதித்த தரத்தை எட்டுதல் வேண்டும். பொதியிட்டதும் இலங்கையிலேயே ஆதல் வேண்டும். மூன்றாவது நிபந்தனை முக்கியமானது. மொத்தமாகக் கப்பலேறி வேறு துறைமுகத்திற் பொதியிடப்படும் தேயிலை, தூய இலங்கைத் தேயிலையே ஆயினும், சிங்கத்தைத் தாங்க முடியாது.

வியாபாரக் குறியின் உரிமை பதிவு செய்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். ஆதலின் நாடுதோறும் தனித்தனியே பதிவும், வேண்டுமிடத்து வழக்கும் தேவையாகின்றன. செலவு சிறிதன்று.

பதிவு இருந்தும் வழக்கிற் தோற்பதுண்டு. டார்ஜிலிங் தேயிலை 2004இல் இந்தியாவின் முதலாவது புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று. பின்னர் கல்கத்தாவில் ஐ.ரி.சி. நிறுவனத்தின் ஹோட்டலொன்றில் ஓர் உபசாரக் கூடத்துக்கு ‘டார்ஜிலிங் லவுஞ்ச்’ எனப் பெயரிட்டதை எதிர்த்து இந்தியத் தேயிலைச் சபை வழக்காடிற்று. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2019இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. புவிசார் குறியீடு தேயிலை என்னும் பொருளுக்கே உரியது. கூடத்தின் பெயருக்கு அன்று என்பது அதன் கருத்து. ஊர்ப் பெயர் முழுவதும் தேயிலைக்குச் சொந்தமாகிவிடாது என்பது நியாயமே.

உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையிலோ ஒரு விந்தை உண்டு. ‘இன்ன வகை’ என அடைமொழி சேர்த்தும் பிற நாட்டு மதுவின் பெயரைச் சூட்டலாகாது என அது தடுக்கின்றது. தேயிலைக்கு அவ்வளவு காவலில்லை. வாங்குபவர் ஏமாற்றப்படுகின்றார் என்பதை நிறுவியாக வேண்டும். திராட்சை மதுவுக்குத் தந்த சலுகையைத் தேயிலைக் கொழுந்துக்கு மறுத்ததற்குத் தக்க காரணம் காண்பதரிது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவிசார் குறியீட்டுக்குப் பாதுகாப்பளித்தது. அவற்றைப் பதிவு செய்யும் முறை 2022இல் வந்த திருத்தத்தாலேயே ஏற்பட்டது. அதே ஆண்டில் சிலோன் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

இவ்வழக்குகளிலும் மனுக்களிலும் கொழுந்து பறிப்பவரின் பெயர் இடம்பெறுவதில்லை. எனினும் அதிகாலைப் பனியில் மலையேறி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிப்பவர் கைத்திறனிலேயே பெயரின் மதிப்புத் தொடங்குகின்றது. சிங்கச் சின்னத்தைப் பயன்படுத்தும் அனுமதியோ பொதியிட்டு ஏற்றுமதி செய்வோருக்கே உரியது. ‘உடப்புசல்லாவை’ என்று பொதியில் அச்சிட வேண்டின் உள்ளிருக்கும் இலை முழுவதும் அப்பிரதேசத்ததாதல் வேண்டும். திம்புள்ளையோடும் ஊவாவோடும் கலந்துவிட்டால், அம்மலையின் பெயர் பொதியிலிருந்து மறைந்து ‘சிலோன்’ மட்டுமே எஞ்சும்.