பல்கலைக்கழகத்தில் ஊடுருவிகளுக்கு என்ன வேலை?

வங்கிக் கணினிக்குள் நுழைந்தால் பணம் கிடைக்கும். பல்கலைக்கழகக் கணினிக்குள் நுழைந்தால் என்ன கிடைக்கும்? அசைன்மெண்ட்டா?

2017 ஏப்ரலில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டின் கணினிக் கட்டமைப்புகளிலும் ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது. மாணவர்களின் விவரங்கள் குறிவைக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றனர் அதிகாரிகள். அரசாங்கம், ஆய்வு சார்ந்த தகவல்களைத் திருடுவதே நோக்கமாக இருக்கலாம் என்று கூறப்பட்டது.

நூலகக் கணக்கையும் விடவில்லை

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் எளிமையானது. நான்கு உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் குறைந்தது 52 கணக்குகள் ஊடுருவப்பட்டன. எப்படி? ஒரு மின்னஞ்சல், அதில் ஒரு இணைப்பு, பல்கலைக்கழகப் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம். மறைச்சொல்லைத் தட்டியதும் கதை முடிந்தது. அந்தக் கணக்குகளை வைத்து ஆய்விதழ்க் கட்டுரைகளை எடுத்தார்கள்.

கட்டுரைக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ஆய்விதழ்ச் சந்தா எவ்வளவு என்று நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், புரியும்!

ஒரு சாவி, பல கதவுகள்

மீங்கணினிகளின் கதை வேறு. 2020 மே மாதம் எடின்பரோவில் உள்ள ஆர்ச்சர் மீங்கணினி ஊடுருவப்பட்டது. அதே வாரத்தில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மையங்களும் சேவையை நிறுத்தின.

இத்தகைய கணினிகளுக்குள் நுழையப் பலரும் மறைச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. 'எஸ்எஸ்எச் கீ' என்ற மின்சாவி இருக்கும். அது ஒரு கோப்பு, அவ்வளவுதான். ஆய்வாளர் ஒருவருக்கு இரண்டு மூன்று நாடுகளில் கணக்கு இருப்பது சாதாரணம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வசதியாக, சாவியை அங்கேயே விட்டு வைப்பார். சிலர் அதற்குப் பூட்டும் போடுவதில்லை. அடுக்குமாடி வீட்டுக்கு வெளியே, காலணி அடுக்கில் சாவியை வைத்துவிட்டுப் போகிற மாதிரிதான். ஒரு மையத்தில் நுழைந்தவருக்கு அடுத்த மையத்தின் கதவும் திறந்துவிடும். அங்கே வருவது பழக்கமான பயனீட்டாளர் என்றே கணினி நினைக்கும். எச்சரிக்கை மணி அடிக்காது.

ஆர்ச்சரில் எல்லாருடைய மறைச்சொற்களும் சாவிகளும் செல்லாமல் போயின. தவறே செய்யாத ஆய்வாளர்களும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் நடந்த இன்னொரு ஊடுருவலில், திருடிய கணினி ஆற்றலை மின்னாணயம் தோண்டப் பயன்படுத்தினார்கள். கொவிட்-19 ஆய்வுக்கு ஒவ்வொரு கணினியும் தேவைப்பட்ட நேரம் அது. கேட்டாலே எரிச்சல் வருகிறது.

தொலைநோக்கிகளும் தப்பவில்லை. 2022 அக்டோபர் 29ஆம் தேதி சிலியின் ஆல்மா தொலைநோக்கி தாக்கப்பட்டது. டிசம்பர் வரை வானத்தைப் பார்க்க முடியவில்லை.

இறுக்கிப் பூட்டினால் என்ன?

வங்கி மாதிரி பூட்ட முடியாது. வெளிநாட்டு ஆய்வாளர் நாளைக்கே உள்ளே வர வேண்டும். அடுத்த மாதம் போய்விடுவார். அவருடைய கணக்கை மூட யாருக்காவது ஞாபகம் இருக்குமா?

ஆய்வுக்கூடத்தில் இன்னொரு தலைவலி. விலையுயர்ந்த நுண்ணோக்கியை இயக்குவது பழைய விண்டோஸ் கணினியாக இருக்கலாம். அதைப் புதுப்பித்தால் நுண்ணோக்கியின் மென்பொருள் ஓடாது. புதுப்பிக்காவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும். அதனால் பல இடங்களில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, தனிக் கட்டமைப்பில் வைக்கிறார்கள். பிறகு தரவை வெளியே எடுக்க ஒருவர் தம்டிரைவைச் செருகுவார். அந்தத் தம்டிரைவ் இதற்கு முன் எங்கே செருகப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.