உப்பு மூட்டை தூக்கலாம் வாங்க!

முதுகுவலி வந்தவனுக்கு ஊரெல்லாம் டாக்டர்!

'விளக்கெண்ணெய் தடவுங்க' என்பார் பக்கத்து ஸீட்காரர். 'உளுந்தங்களி சாப்பிடுங்க, இடுப்பு இரும்பாயிடும்' என்பார் கேஷியர். 'கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா, பின்னாடி வந்துச்சா?' என்று கண்ணடிப்பார் இன்னொருத்தர். நம்ம வலி அவருக்கு ஜோக்!

எனக்கு வந்தது ஒரு மார்ச் மாதக் கடைசியில். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பேன். ஒருநாள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான்... நிமிர முடியவில்லை. இடுப்பில் யாரோ பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியோடு ஓடிப்போன மாதிரி! ஐந்து ரூபாய்ப் பேனா, சார்!

போய்ப் படுத்தவன் மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. (மெடிக்கல் லீவு பாக்கி இருந்தது.) தைலம், மாத்திரை, இடுப்பு பெல்ட் என்று செலவுப் பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போனது. வலி போகும், வரும். கடைசியில் நிரந்தரமாகவே குடியேறிவிட்டது.

ஸ்கேன் எடுத்தேன். 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று ஒரு வரி. வலியைவிட அந்த வரிதான் என்னை அதிகம் படுத்தியது. குனியப் பயம், பஸ் ஏறப் பயம், தும்மப் பயம்!

என் மகளுக்கு அப்போது நாலு வயசு. ஆபீஸ் விட்டு வந்ததும் உப்பு மூட்டை ஏறிக்கொண்டு மொட்டை மாடி வரை சவாரி போவது அவள் வழக்கம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பா முதுகு உடைஞ்சு போச்சு. அவரைத் தூக்கச் சொல்லக் கூடாது."

சுருக்கென்றது. இடுப்பில் இல்லை.

தேய்மானக் கணக்கு

அடுத்த நாளே ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "முதுகு ஒண்ணும் உடையலை சார். வலியே இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்தாலும் இது தெரியும்."

அவர் சொன்னது நிஜம். 2015-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலியே இல்லாத முப்பது வயதுக்காரர்களில் சுமார் 40 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கிறது. எண்பது வயதில் 84 சதவிகிதம்! தலை நரைப்பது மாதிரி. அட, டெப்ரிசியேஷன்! பி.காம். படித்தவனுக்கு இது புரிய வேண்டாமா? மிஷினுக்குத் தேய்மானம் எழுதினோம் என்பதற்காக ஃபாக்டரியை மூடுவோமா?

நான் மூடியிருந்தேன். படுக்கப் படுக்கத் தசை பலவீனமாகிறது. லேசாக அசைந்தாலே வலிக்கிறது. பயந்து மறுபடி படுக்கிறோம். வட்டிக்கு வட்டி!

நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சிக்கு இடம் உண்டு. இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. (என் பெல்ட் இப்போது பரணில்.)

நடந்தால் போதுமா?

இடுப்புவலி வந்து குணமான 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு. 2024-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. சும்மா இருந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுத்தரமாக 112 நாள். படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு 208 நாள். ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஜிம் ஃபீஸ் கிடையாது.

நான் முதல் வாரம் ஐந்தே நிமிஷம் நடந்தேன், தெருமுனை டீக்கடை வரை. வாராவாரம் கொஞ்சம் கூட்டி, இப்போது வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் தனி. ஆபீஸில் பெரிய தண்ணீர் பாட்டிலை ஒழித்தேன். தாகம் எடுத்தால் எழுந்து போய் டம்ளரில் குடிப்பேன். போன் வந்தால் நின்றபடிதான் பேச்சு. (இதை மூன்றாவது முறையாக உட்கார்ந்தே படிக்கிறவர்கள் தயவுசெய்து எழுந்திருக்கவும்!)

ஒரு எச்சரிக்கை: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலமிழப்பது... இவற்றில் எது வந்தாலும் நடைப்பயிற்சி போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த அடி இருந்தாலும் டாக்டர் பார்த்தே ஆகணும்.

சரி, எனக்கு வலி சுத்தமாகப் போய்விட்டதா? இல்லை. எப்போதாவது எட்டிப் பார்க்கிறது, தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. பயப்படாமல் ஒரு நடை நடந்து வழியனுப்பிவிடுகிறேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். மகள் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சந்தேகமாகப் பார்த்தாள்.

"உடைஞ்சது ஒட்டிடுச்சாப்பா?"

"உடையவே இல்லடா கண்ணு. ஏறு!"

ஏறினாள். நல்ல கனம். எட்டு மாதத்தில் வளர்ந்திருக்கிறாள் இல்லையா... மொட்டை மாடி வரை போய் வந்தோம். முதுகு ஒன்றும் சொல்லவில்லை.